பாடைச்சுழி

அன்னூர் கந்தப்பனுக்குக் குதிரை என்றால் பைத்தியம். 1936 ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் நடக்கும் குதிரையாட்டப் போட்டியில் எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று, யாரும் சீண்டாத ஒரு கறுப்புக் குதிரையைப் பிடித்துவந்தான். அதன் பிடரியில் பாடைச்சுழி இருந்தது. அந்தச் சுழியுள்ள குதிரை, வைத்திருப்பவனைப் பாடையில் ஏற்றிவிட்டுத்தான் ஓயும் என்பார்கள்.

“வேண்டாமுங்க, திருப்பிக் குடுத்துபோட்டு வந்துருங்க,” என்று அழுதாள் மனைவி பாப்பாயி.

“சுழி இருந்தாத்தானே அம்மணி? அழிச்சுபோடறேன் பாரு.”

அரிவாளைப் பழுக்கக் காய்ச்சிச் சுழியின் மேல் இழுத்தான். யாராவது கேட்டால் நோவுக்குச் சூடு போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். குதிரை கத்தவே இல்லை. கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்தது. அன்றிலிருந்து அவனுக்குக் குடுமிக்கடியில் ஓர் அரிப்பு. வியர்க்குரு என்று விட்டுவிட்டான்.

மேளத்துக்குக் கால் மாற்றி ஆட மாதக்கணக்கில் பழக்கினான். அதற்குள் தழும்பை மூடி மயிர் வழவழவென்று வளர்ந்துவிட்டது. சுழி இருந்த சுவடே இல்லை.

சந்தையில் சுழி பார்க்கும் பெரியவர் குதிரையை நெற்றியிலிருந்து குளம்புவரை தடவிப் பார்த்து, “சுத்தமான குதிரை,” என்றார். அது ஆடிய ஆட்டத்தில் வேறெந்தக் குதிரையும் எடுபடவில்லை. பரிசு கந்தப்பனுக்கே.

மாலைக்காகத் தலைப்பாகையை அவிழ்த்துக் குனிந்தான். மாலை போட வந்த பெரியவரின் விரல்கள் அவன் பிடரியில் பட்டு நின்றன. குதிரையைத் தடவியது போலவே மெல்ல வட்டமாகத் தடவின.

“ஏங்கண்ணு, இந்தச் சுழி உனக்குப் பொறந்ததிலிருந்தே இருக்குதா?”