அணைக்காத ஆட்டம்

மகளின் கைப்பேசி விளையாட்டில் சட்டி கொதிக்கும் சத்தம் கேட்டதும் 1996 ஐப்பசி நினைவுக்கு வந்தது. அப்போது கோவை கணபதியில் குடியிருந்தோம். அக்கா டிவி கேமில் காளானையும் மயிலிறகையும் சட்டியில் போட்டு மாயமருந்து காய்ச்சுவாள். தப்பாகக் கலந்தால் தவளை குதிக்கும்.

"உப்புப் போட்டியா அம்மணி?" என்று அப்பா சீண்டுவார்.

கேம் பெட்டியை அணைத்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். இருதய ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "அணைச்சுப்போடாதீங்கப்பா. வந்து மிச்சத்தைக் காய்ச்சிக்கறேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். டிவியில் ஆட்டம் அப்படியே நின்றிருந்தது. இழவு வீட்டில் டிவி ஓடக்கூடாதென்று மாமா சுவிட்சுக்குக் கை நீட்டினார். அதுவரை அழாத அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்க மச்சான். புள்ள வந்தா கேப்பாளுங்க."