குறுக்குச்சால் சொன்ன சாட்சி

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்த சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் இஸ்திரி உருளையோடு மல்லுக்கட்டியவள் அவள். கூடத்தில் எல்லோருக்கும் அவள் இஸ்திரிக்காரம்மா. ஈரம் காயாத படுக்கை விரிப்பை அவள் இந்தப் பக்கம் ஊட்டுவாள்; சூடான உருளைக்குள் புகுந்து அது அந்தப் பக்கம் விறைப்பாக வெளியே வரும். அங்கே நின்று அதை வாங்கி மடிப்பவளுக்குப் பெயர் குறுக்குச்சால். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

யார் பேசினாலும் பாதியில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் குறுக்குச்சாலுக்குச் சோறு செரிக்காது. "ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு," என்று டாக்டர் இஸ்திரிக்காரம்மாவிடம் சொன்னால், துணைக்குப் போனவள், "கொஞ்சமா? மாடி ஏறுறதுக்குள்ள நாலு தடவை உக்கார்றாங்க டாக்டர், சரியாப் பாருங்க," என்பாள். இஸ்திரிக்காரம்மாவின் மகளுக்குக் கல்யாணம் பேச வந்த அன்று, பையனின் அம்மா, "பொண்ணு வீட்டு வேலையெல்லாம்..." என்று இழுத்தார். "உங்க பையன் பாத்திரம் தேய்ப்பாரா?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. நல்லவேளை, பையனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் பாதி முடிந்துவிட்டது.

இஸ்திரிக்காரம்மாவோ வாயில்லாப் பூச்சி. லீவு கேட்கப் போனாலும் குறுக்குச்சாலைக் கூட்டிக்கொண்டுதான் போவாள். "சார், நாளைக்கு வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்துவாள், மிச்சத்தை மற்றவள் கவனித்துக்கொள்வாள். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியதில், தன் வாய் தன்னிடம் இல்லை, உருளைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவளுக்கு ஆகிவிட்டது.

உருளைக்கு முன்னால் விரல் உள்ளே போகாமலிருக்க ஒரு தடுப்புத் தகடு உண்டு. விரிப்பின் ஓரம் அதில் அடிக்கடி சிக்கும். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, "மூணு வார்டுக்கு விரிப்பு போகல. அந்தத் தகட்டைக் கழட்டி வச்சிட்டு ஓட்டுங்கம்மா," என்றார். இஸ்திரிக்காரம்மா தயங்கினாள்.

"கை போச்சுன்னா நீங்களா சார் குடுப்பீங்க?" என்று குறுக்குச்சால் புகுந்தாள்.

"முதல்ல உன் வாயைக் கழட்டணும்," என்று சிரித்துக்கொண்டே போனார் அவர். தகடு கழன்றது. ஒன்பதாவது நாள் இஸ்திரிக்காரம்மாவின் வலது கை உருளைக்குள் இழுபட்டது. குறுக்குச்சால்தான் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாள். இஸ்திரிக்காரம்மா வார்டில் கிடந்த ஏழு நாளும் படுக்கையருகே இருந்து கஞ்சி ஊட்டினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கட்டுப் பிரித்த வாரம் நிர்வாக அறையில் விசாரணை. நீள மேசைக்கு அந்தப்பக்கம் அதிகாரி, இந்தப்பக்கம் மூன்று நாற்காலி. சூப்பர்வைசர் குரல் நடுங்காமல் சொன்னார்: "தகட்டைக் கழட்டச் சொல்லி நான் சொல்லவே இல்ல சார். சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போகணும்னு இவங்களே கழட்டியிருக்காங்க."

இதோ புகுந்துவிடுவாள் என்று இஸ்திரிக்காரம்மா காத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் குறுக்குச்சால் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் மூச்சு வாங்க நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், மீண்டும் பேசினார். அத்தனை இடைவெளியிலும் ஒரு வார்த்தை விழவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

இஸ்திரிக்காரம்மா அன்று தானாகவே பேசினாள். "சார், அவர்தான் கழட்டச் சொன்னாரு. அப்ப இவ கூட, கை போச்சுன்னா..."

"அக்காவுக்கு எப்பவுமே கொஞ்சம் அவசரபுத்தி சார்," என்று குறுக்குச்சால் புகுந்தாள். "வேணும்னு கழட்டியிருக்க மாட்டாங்க. பாவம், நீங்க பார்த்துச் செய்யுங்க."

அதிகாரி தலையாட்டியபடி எழுதிக்கொண்டார். இஸ்திரிக்காரம்மாவின் பாதி வாக்கியம் மேசைமேலேயே நின்றுவிட்டது. காதில் விழுந்ததைப் புரிந்துகொள்வதற்குள், "நீங்க போகலாம்," என்று சொல்லிவிட்டார்கள்.

கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று. இஸ்திரியிலிருந்து எடுத்து, வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியைத் தரம் பிரிக்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து, பதினாறு வருஷமாகத் தற்காலிக ஊழியராக இருந்த குறுக்குச்சாலுக்கு நிரந்தர ஆணை வந்தது. சூப்பர்வைசரின் கையெழுத்தோடுதான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை குறுக்குச்சால் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். இஸ்திரிக்காரம்மா கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், இடது கையால் டீ போட்டுக் கொடுத்தாள். குறுக்குச்சால் மடமடவென்று கொட்டினாள்: ஆணை கிடைக்காவிட்டால் வேலை போயிருக்கும், அவள் புருஷனுக்கு ரெண்டு வருஷமாக வேலை இல்லை, "நீ வாயை மூடிட்டு இரு, போதும்"னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு, நான் என்ன செய்ய அக்கா. இஸ்திரிக்காரம்மா முழுவதையும் கேட்டாள்.

"சும்மா இருக்கத்தானே சொன்னாரு?"

"ஆமாக்கா."

"அப்ப அந்த அவசரபுத்தி? அதையும் அவரா சொல்லிக் குடுத்தாரு?"

குறுக்குச்சால் டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லக்கா. நீங்க என் பேரை இழுத்தீங்க. பயந்துட்டேன். வாயில வந்துருச்சு."

சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். இஸ்திரிக்காரம்மா அதைச் சொல்லவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு," என்றாள்.

சாயங்காலம் இஸ்திரிக்காரம்மாவின் புருஷன் வந்து, கழுவாமல் கிடந்த இரண்டு டம்ளரைப் பார்த்துவிட்டு, "யாரு வந்திருந்தா?" என்றார்.

"கூட வேலை பாக்கறவ ஒருத்தி."

அவர் மேலே ஏதாவது வருமென்று கொஞ்சம் நின்றார். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.