நெஞ்சு கனக்குது என்றார்

உளவியலில் ஆய்வுப் பட்டத்துக்காக நான் அலைந்துகொண்டிருந்த காலம் அது. தன் மனதில் ஓடும் உணர்ச்சியை ஒருவர் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார் என்று அளக்கும் ஒரு வினாத்தாள் வெளிநாட்டில் உருவாகியிருந்தது. அதைத் தமிழாக்கி, நம் ஊர் மனிதர்களுக்கும் பொருந்துகிறதா என்று சோதிப்பது என் வேலை. மொத்தம் இருபத்துநான்கு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று பதில்கள்.

"பதிலைக் குறிச்சா மட்டும் போதாது. அந்த வாக்கியத்தை அவங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு கேட்டு எழுதிட்டு வா. உணர்ச்சிக்கு அவங்க வச்சிருக்கிற சொல் கிடைச்சா அதுதான் நமக்குப் பெரிய லாபம்" என்று என் வழிகாட்டி சொல்லி அனுப்பியிருந்தார்.

பெரிய மருத்துவமனை உள்ள நெய்யூரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் வரும் ஒரு சிற்றூரில் அந்தத் தம்பதியைச் சந்தித்தேன். கணவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நான் அக்கா என்று அழைத்த அவர் மனைவி முந்திரி ஆலையில் பருப்பின் தோல் உரிக்கப் போவார். அண்டியாபீஸ் என்பார்கள் அங்கே. ஒரே மகள் செவிலியர் வேலைக்காக வளைகுடாவுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அக்கா வேகமாகப் பதில் சொல்லி முடித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். அவரோ ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூடப் பரீட்சை போல யோசித்தார். 'என் உடலில் தோன்றும் மாற்றங்களைக் கொண்டு என் உணர்ச்சியை அறிந்துகொள்கிறேன்' என்பது பதினோராவது வாக்கியம். எப்போதும் என்றார். இதில் என்ன கேட்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள் என்றேன்.

"ஒடம்பு வழியா மனசு தெரியுமான்னு கேக்கிய. தெரியும்லா. இப்போ கொஞ்ச நாளா எனக்கு நெஞ்சு கனக்குது. மரத்துக்கு மரம் நடக்கும்போ வரும். கையும் வலிச்சு கழப்பா இருக்கும். கொஞ்சம் இருந்தா மாறும்."

"மக போனதுக்கப்புறமா அண்ணே?"

அவர் சற்று யோசித்தார். "ஓ, அப்படியும் வச்சுக்கலாம்" என்றார்.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. துயரத்துக்கு இந்த மண்ணில் உள்ள சொல் கிடைத்துவிட்டது. 'நெஞ்சு கனத்தல் — துயரம். மகள் பிரிவு' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கையைப் பற்றி அவர் சொன்னதை எழுதவில்லை. அது அந்தச் சொல்லோடு ஒட்டவில்லை என்று நினைத்தேன்.

ஒரு வினாத்தாளை நம்ப வேண்டுமென்றால் அதே ஆள் சில நாள் கழித்தும் ஏறக்குறைய அதே பதிலைச் சொல்ல வேண்டும். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முந்தின வாரம் அவர் தோட்டத்தில் மரத்தடியிலேயே சாய்ந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். மாரடைப்பு. மகள் வந்து அடக்கம் முடிந்து, லீவு இல்லாமல் திரும்பிப் போயாயிற்று.

நான் திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது அக்கா வெளியே வந்தார்.

"வருவேன்னு சொன்னேல்லா மக்களே. இரி. கேளு."

"வேண்டாம் அக்கா."

"கேளு. எனக்கு இப்போ யாரு வந்து என்ன கேக்கா?"

கேட்டேன். பதினோராவது வாக்கியம் வந்ததும் அவர் கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "எங்கிட்டயும் நெஞ்சு கனக்குதுன்னு பறஞ்சாரு. மக போன வெசனமாக்கும்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல செரியாவும்னு சொன்னேன்."

அந்த 'எங்கிட்டயும்' என்பதை அவர் எதையும் நினைத்துச் சொல்லவில்லை; கணவர் என்னிடம் சொன்னது அவருக்குத் தெரியாது. ஆனால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "அக்கா, எங்கிட்டயும் சொன்னாங்க. கை வலிக்குதுன்னும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படிச்ச பிள்ளைக்கும் தெரியல்ல, இல்லியா" என்றார். பிறகு, "இவ்வளவு பக்கத்துல ஆசுபத்திரி. நாம ரெண்டு பேரும் கேட்டிருக்கோம். ஒருத்தியாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அவரு வேற என்னெல்லாம் சொன்னாரு?"

பதில்களை யாருக்கும் காட்டமாட்டோம் என்று அவர் கணவரிடம் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தேன். இருந்தும் பையிலிருந்து தாளை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். 'தனியாக இருக்கும்போது காரணம் தெரியாமல் எனக்கு அழுகை வரும்' என்பதற்கு அவர் சில நேரம் என்று சொல்லியிருந்தார்.

அக்கா கண்ணைத் திறந்தார். "அழுவாராமா? எப்போ?"

"அது கேள்வியில இல்லக்கா."

"நீ கேக்கல்லியா?"

"இல்ல."

இரண்டு சுற்றுக்கும் இடையில் வீட்டில் மரணம் நேர்ந்தால் அந்தப் பதில்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. இருவருடைய தாள்களும் ஆய்வில் இடம்பெறவில்லை. பதினோராவது வாக்கியத்தையும் எடுத்துவிட்டோம். அதற்கான காரணத்தை ஆய்வேட்டில் இரண்டு வரியில், யாருக்கும் வலிக்காத மொழியில் எழுதியிருக்கிறேன். பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு யாராவது நெஞ்சைத் தொட்டுப் பேசினால், டாக்டரிடம் காட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் அது வெறும் துயரமாகத்தான் இருக்கிறது. என் கேள்வியால் அவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

போன கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டு அம்மன் கோவிலில் கூட்டத்துக்குள் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அக்கா. கூடவே லீவில் வந்திருந்த மகள்.

"இவியதான் மக்களே. அப்பா கடைசியா ஒருத்தருகிட்ட நெறைய நேரம் இருந்து பேசினது இவியகிட்டதான்" என்றார் அக்கா.

மகள் என் முகத்தையே பார்த்தாள். "எங்க அப்பா அப்படியெல்லாம் பேச மாட்டாங்களே. என்ன பேசினாங்க?"

வளையல் கடைக்குப் பின்னால் சற்று ஒதுக்குப்புறமாக மூவரும் நின்றோம். அவர் எந்த வாக்கியத்துக்குச் சிரித்தார், எதற்கு நெற்றியைச் சொறிந்தார், எதை மூன்றாவது முறையும் வாசிக்கச் சொன்னார் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் இன்னும் இன்னும் கேட்டாள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொன்னேன்.