டர்போ எந்த மாதிரி விசிலடிக்கும்?

பதினேழு வருடங்களாகத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் டர்போவைக் கரும்பலகையில் வரைவேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் அதிகமாக எரியும், வண்டி பாயும். இரண்டு நத்தைக் கூடுகளை முதுகோடு முதுகு ஒட்டியது போன்ற அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டே என்னால் வரைய முடியும்.

ஒருநாள் முன்வரிசை மாணவி ஒருத்தி, அது ஓடும்போது என்ன சத்தம் வரும் என்று கேட்டாள். விசில் மாதிரி வரும் என்றேன். “எந்த மாதிரி விசில் மேடம்?” என்றாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்கள் ஊர்ச் சாலையில் நாள் முழுக்க லாரிகள் போகின்றன. அந்த இரைச்சலில் எது டயர், எது பிரேக் காற்று, எது டர்போ என்று நான் பிரித்துக் கேட்டதே இல்லை. டர்போவைக் கையால் தொட்டதும் இல்லை.

அன்று மாலையே பழைய கார் விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். புது வண்டி எனக்கு வேண்டாம். புது வண்டியில் மூடியைத் திறந்தால் அதற்குள் இன்னொரு மூடி இருக்கிறது. நான் பிரித்துப் பார்க்க வேண்டும், பிரித்ததை இன்னும் கொஞ்சம் நன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முந்தைய, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செய்த, டர்போ பெட்ரோல் எஞ்சின் வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அயோத்தியாப்பட்டணத்தில் இருப்பதாக விளம்பரத்தில் கண்டேன். சிவப்பு நிறம். என் கணவரிடம் காட்டினேன். அவர் கால்நடை மருத்துவர், நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளுக்கும் மாட்டுத் தொழுவங்களுக்கும் போய்வருகிறவர். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இத எங்க நிறுத்தறது?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனோம். வண்டியின் சொந்தக்காரர் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை நடத்துகிறவர். அறுபது தாண்டியவர், கனத்த உடம்பு. ஆலையின் பின்பக்கக் கொட்டகையில் வண்டி நின்றது. ஜவ்வரிசி மாவு மேலெல்லாம் படிந்து, சிவப்பு வண்டி ரோஸ் நிறத்தில் தெரிந்தது. அவரே ஈரத்துணியால் துடைத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். முதல் இரண்டு நிமிடம் பின்னால் லேசாக நீலப்புகை வந்தது. அதை அவரே காட்டினார். எங்கோ ஆயில் எரிகிறது, எங்கே என்று தனக்குத் தெரியாது, மறைத்து விற்க விருப்பமில்லை என்றார்.

என் கணவர் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தது அப்போதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ மாட்டின் வயிற்றில் வைப்பது போல எஞ்சினின் பல இடங்களில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். டர்போ இருக்கும் பக்கம் வந்ததும் நின்று, குழலை என் காதில் மாட்டினார். உள்ளே மெல்லிய ஒரு கரகரப்பு கேட்டது. “சளி புடிச்ச கோழி மாதிரி இருக்குது” என்றார். வண்டிக்காரரும் வாங்கிக் கேட்டுவிட்டு, இத்தனை வருடத்தில் இப்படி ஒரு யோசனை தனக்குத் தோன்றவில்லையே என்றார்.

ஆத்தூர் சாலையில் என்னை ஓட்டச் சொல்லி வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். நகரத்தை விட்டு விலகி, சாலை காலியான இடத்தில் மூன்றாவது கியரில் மெல்ல அழுத்தினேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல வண்டி முன்னால் போயிற்று. அந்த ஒரு கணத் தாமதத்தைப் பற்றி நான் பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன். அது ஓட்டும்போது இப்படித் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது ஏன் விற்கிறார் என்று கேட்டேன். “ஏறிடறேன் மேடம், எறங்கத்தான் முடியல” என்றார். சீட் அவ்வளவு தாழ்வு. கொட்டகையில் நிறுத்தியதும் ஆலையாட்கள் இருவர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை எழுப்பிவிட்டதைப் பார்த்த பிறகுதான் அது வேடிக்கைப் பேச்சில்லை என்று புரிந்தது.

வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்த வாரமே, அதைக் கழற்ற எங்கே போவது என்ற கேள்வியும் வந்தது. கார் ஒர்க்‌ஷாப்புகளில் டர்போவைப் பிரிக்க மாட்டோம், மொத்தமாகப் புதிது போடுவோம் என்றார்கள். சங்ககிரியில் லாரி டர்போவை மட்டுமே பழுது பார்க்கும் கடை ஒன்று இருப்பதைக் கணவர்தான் கேட்டு வந்து சொன்னார்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாதவர். சுவரோரம் பூசணிக்காய் அளவில் லாரி டர்போக்கள் வரிசையாகக் கிடந்தன. என் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இது கைக்கொழந்தைங்க, நாம பாக்கறதில்லீங்க” என்றார். நானே கழற்றிக்கொள்கிறேன், இடமும் ஸ்பேனர்களும் மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

மூன்று சனிக்கிழமைகள் ஆயின. முதல் சனிக்கிழமை முழுக்கத் துருப்பிடித்த நான்கு போல்ட்டுகளோடு போயிற்று. அடுத்த வாரம் அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டர்போ ஒருவழியாகக் கழன்று என் கைக்கு வந்தபோது, ஒரு பெரிய கொய்யாப்பழம் போல உள்ளங்கையில் அடங்கும் அதன் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தேன். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் என்று நான் எழுதிப்போடும் சக்கரம் அது. கால் சுற்றுச் சுற்றி முக்கி நின்றது.

அவர் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். அது ஆடியது. பிறகு டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து என்னிடம் நீட்டினார். அதன் வழியே மறுபக்கம் தெரியவில்லை. உள்ளே ஆயில் கருகி, அடிப்பிடித்த பால் போல இறுகிக் கிடந்தது.

“வெரசா ஓட்டிட்டு வந்து ஒடனே ஆஃப் பண்ணியிருக்காங்க. சக்கரம் சூட்டோட சுத்திக்கிட்டே இருக்கும், ஆயில் வாரது நின்னு போயிருமுங்க. அங்கயே வெந்து போயிரும்” என்றார்.

இதுவும் என் பாடத்தில் இருக்கிறது, ஒரே வரி. நிறுத்தும் முன் எஞ்சினைச் சில நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும் என்று. அந்த வரியை நான் வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம்.

அவருக்கும் என்னிடம் கேட்க ஒன்று இருந்தது. காற்றை அமுக்கும் சக்கரத்தின் இதழ்கள் நுனியில் மட்டும் ஏன் வளைந்திருக்கின்றன? பல வருடங்களாக அதைக் கையில் வைத்திருக்கிறார், யாரைக் கேட்டாலும் டிசைன் அப்படி என்றுதான் சொல்கிறார்களாம். நான் தரையின் தூசியில் விரலால் படம் போட்டேன். நேராக வரும் காற்றுக்குச் சுழலும் இதழ் குறுக்கே நிற்கும், மோதிச் சிதறாமல் வழுக்கி உள்ளே போகத்தான் இதழின் நுனியைக் காற்றின் வரவுக்கு ஏற்பத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் குந்தியபடியே அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு லாரி டர்போவின் சக்கரத்தை எடுத்து இதழ்களின் மேல் ஊதிப் பார்த்தார். அதற்குப் பிறகு என் வண்டியைக் கைக்குழந்தை என்று அவர் சொல்லவில்லை.

தண்டையும் அதைத் தாங்கும் பேரிங்குகளையும் அவர் மாற்றிக் கொடுத்தார். ஆயில் குழாய் புதிதாகப் போட்டோம். அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் நான் மாற்றிப் பார்ப்பதற்காகத்தானே வாங்கினேன். அமுக்கிய காற்று சூடாகிவிடும், அதை ஆற்ற முன்பக்கம் ஒரு ரேடியேட்டர் போன்ற பெட்டி உண்டு. அதைப் பெரிதாக்கி, காற்றின் அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றினோம். வெளித்தோற்றத்தையும் சைலன்சரையும் தொடவில்லை. தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு வண்டி எனக்குத் தேவைப்படவில்லை, சைலன்சரை மாற்றச் சட்டமும் இடம் தராது.

முதல் ஓட்டத்துக்கு மல்லசமுத்திரம் சாலையில் தனியாகப் போனேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று முன்னால் ‘டப்’பென்று பட்டாசு போல ஒரு சத்தம் கேட்டது, வண்டி அப்படியே சோர்ந்துபோயிற்று. ஓரம் கட்டி மூடியைத் திறந்தேன். காற்றுக் குழாய் ஒன்று கிளாம்பைப் பிய்த்துக்கொண்டு கழன்று தொங்கியது. கிளாம்பு எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் மண்வெட்டியோடு வந்தார். டயர் வெடித்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று குழாயைக் காட்டினேன். நெருங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கேனுங்க இப்படி நிக்கறீங்க, இருங்க வாரேன்” என்று போனவர், போர் மோட்டார் குழாயில் போடும் கிளாம்பு ஒன்றையும் ஸ்க்ரூ டிரைவரையும் கொண்டுவந்தார். அளவு ஏறக்குறையப் பொருந்தியது. நான் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவரே முறுக்கினார். முறுக்கிக்கொண்டே, கார்க் குழாயில் எதற்குக் காற்று என்று விசாரித்தார். நான் வகுப்பில் சொல்வது போலவே சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினார்.

“நம்ம போர் போடற ரிக்கு வண்டி கம்ப்ரசராட்டங்களா? அதுக்கு டீசல் எஞ்சின் தனியா ஓடும், இதுக்குப் பொகையே ஓட்டிக்குது. அவ்வளவுதானுங்க?”

அவ்வளவுதான். என் மாணவர்களுக்கு இரண்டு வகுப்புகள் ஆகும் விஷயம். அவருடைய கணவர் பல வருடம் ரிக் வண்டியில் வடநாடெல்லாம் போனவராம். கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று தனக்கும் தெரியும் என்றார்.

கிளாம்பு தாங்குகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டேன். மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அடுத்த பிரிவுச் சாலை வரை போனோம். மூன்றாவது கியரில் வண்டி பாய்ந்தபோது அவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்கிறது என்றேன்.

“தூரத்து ஊட்டுல மிக்ஸி ஓடற மாதிரி இருக்குதுங்க. அரைக்க அரைக்கச் சன்னமாப் போவுதல்லங்க, அப்படி.”

மறுபடியும் அழுத்தினேன். காற்றிரைச்சலுக்கும் எஞ்சின் உறுமலுக்கும் அடியில், எங்கோ ஒரு சமையலறையில் மிக்ஸி ஓடியது, மெல்ல மெல்லச் சன்னமாகி மேலே ஏறியது. இத்தனை வருடமும் லாரி இரைச்சலுக்குள் அது என் காதருகே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் அந்த மாணவியிடம் அதையே சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போனோம். அங்கே ஒரு கூடத்தில் வண்டியை உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சின் எவ்வளவு சக்தி தருகிறது என்று கணினியில் கோடாக வரைந்து காட்டுவார்கள். கணவரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கோடு அழகாக ஏறியது. நடுவில் துணிக்கொடி போலத் தொய்ந்து, மறுபடி அரைமனதாக ஏறியது. பெட்ரோல் பம்ப் போதவில்லை, பெரிதாகப் போட வேண்டியிருக்கும் என்றார் அங்கிருந்தவர்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பெட்ரோல் குறைந்திருந்தால் உச்சியில்தான் முதலில் தெரிய வேண்டும். ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன். அழுத்தம் ஏறும்போது மட்டும் காற்று எங்கோ பின்வாங்குகிறது என்று நினைத்து, ஒவ்வொரு குழாயாகத் தடவிக்கொண்டே போனேன். அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், காற்றை ஒரு பக்கம் மட்டுமே விடும் விரல் நீள வால்வு ஒன்று இருந்தது. கைபேசியை உள்ளே நுழைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். அதன் மேல் அம்புக்குறி தெளிவாக இருந்தது, எதிர்ப்பக்கம் பார்த்தபடி. அதை மாட்டியது நான். சங்ககிரிக் கடையில், அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் கையாலேயே மாட்டினேன்.

யாரிடமும் சொல்லாமல் திருப்பி மாட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. பிறகு கூடத்துக்காரரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, நல்லவேளை பம்ப் வாங்கவில்லை என்றார். இரண்டாவது ஓட்டத்தில் கோடு தொய்யாமல் ஏறி, மேலே போய்ச் சமமாக நின்றது. வெளியே வந்து சங்ககிரிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

“நானும் திருப்பிப் போட்டிருக்கேனுங்க, ரெண்டு தடவ,” என்றார். “லாரிக்காரங்ககிட்டச் சொன்னதில்லீங்க.”

திரும்பும்போது கணவர் சாவியைக் கேட்டார். நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டாத மனிதர் அவர். பவானி தாண்டியதும் ஒரு டேங்கர் லாரியை முந்த வேண்டியிருந்தது. அழுத்தினார். அந்த ஒரு கணம் கழித்து வண்டி தள்ளியது. முந்தி முடித்து இடப்பக்கம் வந்தார். ஐந்தாறு கிலோமீட்டர் போனதும், “அந்தத் தள்ளு மறுபடி எப்ப வரும்?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி யாருக்கு என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.