போடியாரின் பத்துக் கையெழுத்துகள்

போடியார் கையெழுத்திட்ட தாளைத் திருப்பி விரலால் தடவினால் எழுத்து மேடாகத் தட்டுப்படும். மண்வெட்டியைப் பிடிப்பதுபோலத்தான் பேனாவையும் பிடிப்பார். அடியிலிருக்கும் தாளிலும் அவர் பெயரின் தடம் விழுந்திருக்கும். உன்னிச்சைப் பக்கம் நிறைய வயல் செய்கிறவர்; அப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் போடியார் என்பார்கள். மட்டக்களப்பு நகரில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் சிறிய கிளையில் நான் வேலை செய்தபோது, அறுவடைக்கு முந்திய ஒருநாள் வந்தார். பங்கு வாங்கவும் விற்கவும் நிரப்புகிற படிவங்களில் பத்தை எடுத்து, வேறெதுவும் எழுதாமல் கையெழுத்தை மட்டும் வைத்து எங்கள் முகாமையாளர் சேரிடம் நீட்டினார். "வட்டைக்குள்ள இறங்கினா போன் எடுக்காது சேர். நீங்க பார்த்துச் செய்யுங்க."

அப்படிச் செய்யக்கூடாது என்பது எனக்குத் தெரியும். எதை, எத்தனை, எப்போது விற்பது என்று ஒவ்வொரு முறையும் பங்குக்குரியவரே சொல்லவேண்டும். தொலைபேசியில் சொன்னால் அது பதிவாகியிருக்கவேண்டும். மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன். போடியார் சிரித்தார். "தண்ணி எப்ப திறக்கிற எண்டு வட்டை விதானையார் எங்களக் கேட்டா புள்ள திறக்கிறார்?" போகம் தொடங்கும்போது வயற்காரர்கள் கூடி ஒருவரை விதானையாராக வைப்பார்கள், பிறகு வட்டை என்கிற அந்த வயல்வெளி முழுவதற்கும் நீர் அவர் பொறுப்பு. பங்குச் சந்தைக்கும் ஒரு விதானையாரை வைத்துவிட்டதாகவே அவர் நினைத்தார். சேரும் சிரித்தார். நான் பத்துத் தாள்களையும் கோப்பில் போட்டேன். விதானையாரின் வயலும் அதே வாய்க்கால் நீரைத்தான் குடிக்கிறது, சேருக்கோ விற்றாலும் வாங்கினாலும் தரகு கிடைக்கிறது என்ற வேறுபாடு அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அறுவடை முடிவதற்குள் நான்கு படிவங்கள் நிரம்பின. சேர் சொல்லச் சொல்ல நிரப்பியது நான். முதலில் விற்ற பங்கு சில நாட்களிலேயே விழுந்தது; போடியார் தப்பினார். அதற்குப் பதிலாக வாங்கியது எழும்பவே இல்லை. சேர் அவருடைய நன்மைக்குச் செய்தாரா, தரகுக்குச் செய்தாரா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

பிறகு கொழும்பிலிருந்து, தரகர்களைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவின் அதிகாரிகள் இருவர் சோதனைக்கு வந்தார்கள். மீதி ஆறு படிவங்களும் கோப்பிலேயே இருந்தன. போடியாரை அழைத்து விசாரித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாததால் நானே மொழிபெயர்த்தேன். அப்போது மகள் வயிற்றில் ஐந்தாம் மாதம். இந்தப் பங்குகளை விற்கச் சொன்னது நீங்களா என்று கேட்டார்கள். போடியார் சேரை ஒருமுறை பார்த்தார். "ஓம், நான்தான் போன்ல சொன்னன்." அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பதிவில் அப்படியொரு அழைப்பு இல்லை. அதிகாரி படிவத்தை என் பக்கம் திருப்பினார். இதை நிரப்பியிருப்பது உங்கள் எழுத்தா? ஆம். அன்று அவர் போனில் பேசினாரா? சேரின் தரகு அனுமதிப்பத்திரம் என் வாயில் இருக்கிறது என்று விளங்கியது. இல்லை என்றேன்.

சேரின் அனுமதி இடைநிறுத்தப்பட்டது. சில மாதங்களில் கிளையும் மூடப்பட்டது. சேர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. போடியார்தான் விசாரணை முடிந்த அன்று மாடிப்படியில் காத்து நின்றார். "நான் ஓம் எண்டன். நீங்க ஏன் புள்ள இல்லை எண்டனீங்க?"

"உண்மை அதுதானே ஐயா."

"பொய்தான். எண்ட பங்கு, எண்ட பொய். உங்களுக்கென்ன நட்டம்?"

எனக்கு நட்டம் இல்லை என்பதுதான் விடயம். சட்டப்படி அவர் சொன்னது தவறு. அவருக்கு நட்டம் வராதபோதும் அந்த விதி வேண்டும். அடுத்த வெற்றுத்தாள் யாரை அழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. ஆனால் பிழை என்று தெரிந்தும் ஏன் நிரப்பினீர்கள் என்று அதிகாரி கடைசியாகக் கேட்டபோது, சேர் சொன்னபடி நிரப்பினேன் என்று மட்டும் சொன்னேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். நான் சொன்ன உண்மை என்னைக் காப்பாற்றியது. காப்பாற்றியிராவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று அவ்வப்போது யோசிக்கிறேன்.

சென்ற வாரம் கல்லடியில் மகளின் பாலர் பாடசாலையில் ஒரு படிவக்கட்டை நீட்டினார்கள். பிள்ளைகளை வாவியில் படகில் கூட்டிப்போகப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமாம். நாள், இடம், படகு எல்லாம் வெறுமையாக இருந்தன. "கையெழுத்த மட்டும் வைங்க, மிச்சத்த நாங்க நிரப்புறம்" என்றார் ரீச்சர். எந்தப் படகு, எத்தனை பிள்ளைகள், மிதவை அங்கி உண்டா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பின்னால் நின்ற தாய்க்குப் பொறுமை போய்விட்டது. "என்னகா, காணி விக்கிற உறுதியா எழுதுறா? கெதியாக் குடுகா." மற்றவர்கள் சிரித்தார்கள்.

எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு கையெழுத்திட்டேன். தாளைக் கிழித்துத் திருப்பித் தடவினேன். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டது. அடியிலிருந்த வெற்றுப் படிவத்தில் என் பெயரின் தடம் விழுந்திருந்தது. கட்டைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தேன். நிரப்பாமல் வைக்காதீர்கள் என்று சொல்லலாமா என நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அந்தத் தடத்தின்மேலேயே அவர் கையெழுத்திட்டு முடித்துவிட்டார்.