எண்பதுக்குப் பூஜ்யம்

ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவன் நான். அவர் சரியாகத் துளையிட்டுக் கொடுத்த ஒரு கட்டு அட்டைகளை, அலுவலகக் கழிவறையில் நின்று கையால் கிழித்துக் குப்பையில் போட்டேன். தடித்த அட்டை, எளிதில் கிழியாது. விரல் நோக நோகக் கிழித்தேன். இந்த வயதிலும் அந்த விரல்களைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எழுபதுகளின் பிற்பகுதி. மருந்து இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணினி நிரல் எழுதும் வேலை எனக்கு. ஒவ்வொரு பெட்டியின் விவரமும் ஓர் அட்டையில் துளைகளாக ஏறும். கணினி அவற்றைப் படித்து, காலாவதியான மருந்துகளின் பட்டியலை அச்சிடும். கிடங்கில் அந்தப் பட்டியலைப் பார்த்து எரித்துவிடுவார்கள். ஓர் அட்டையில் எண்பது எழுத்துக்குத்தான் இடம். இடத்தை மிச்சம் பிடிப்பவனே கெட்டிக்காரன் என்பது எங்கள் தொழிலின் வேதம். நான் ஆண்டுக்கு ஒரே ஓர் இலக்கம் ஒதுக்கினேன். எழுபத்தெட்டுக்கு எட்டு, எழுபத்தொன்பதுக்கு ஒன்பது. பிறகு? அதற்குள் வேறொருவன் வேறு நிரல் எழுதிவிடுவான் என்று எல்லோரும் சொன்னோம். அந்தச் சோம்பலுக்குச் செயல்திறன் என்று பெயர் வேறு வைத்திருந்தோம்.

அட்டைகளைத் துளையிட்டவர் சிராங்கூனிலிருந்து வந்த ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எண்பதில் காலாவதியாகும் மருந்து முதன்முதலாக வந்திறங்கிய அன்று என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, எண்பதுக்கு வெறும் பூஜ்யம் அடிக்கச் சொல்றீங்க. மெஷின் அதை எழுபதுன்னு எடுத்துக்காதா?"

"மெஷினுக்கு எல்லாம் தெரியும்க்கா. நீங்க அடிங்க லா."

"தெரிஞ்சா சரி. எனக்கென்ன, சொன்னதை அடிக்கிறேன்."

பக்கத்து மேசைக்காரன், "பஞ்ச் அக்கா நம்ம சீட்டுக்கு வந்துடுவாங்க போல!" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கணினி அதை எழுபதாகவே எடுத்துக்கொண்டது. புத்தம் புதிய குழந்தை மருந்து, ஒரு லாரி நிறைய, காலாவதிப் பட்டியலில் ஏறியது. கிடங்கில் எரித்துவிட்டார்கள். பெட்டிகளின் மேலேயே தேதி அச்சாகியிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கணினி தவறு செய்யாது அல்லவா! இதைவிட அசிங்கமான மூடநம்பிக்கையை நான் எந்த மந்திரவாதியிடமும் கண்டதில்லை.

பட்டியலைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. முதலில் அட்டைகளைக் கிழித்தேன். பிறகு மேலாளரிடம் போய், "பஞ்சிங் மிஸ்டேக்" என்றேன். கணினி தவறு செய்யாது என்றால் துளையிட்டவர்தானே செய்திருக்க வேண்டும்? யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அக்கா மட்டும் கேட்டார்.

"கார்டைக் காட்டுங்க. பதினோரு வருஷமா அடிக்கிறேன். என் கை தப்புன்னா நானே போயிடறேன்."

"வழக்கம்போலத் தூக்கிப் போட்டாச்சுக்கா" என்றேன்.

அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் ஒதுக்கி நிரலை மாற்றினேன். மேம்பாடு என்று பதிவு செய்தேன். பாராட்டும் கிடைத்தது.

எண்பதுகளின் நடுவில், எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவன் எதையும் சோதித்துப் பார்க்காமலே, "அடிச்சவங்க தப்பு சார்" என்றான். அதில் எனக்குக் கேட்டது என் பழைய குரல். அக்காவைத் தேடி, ஃபேரர் பார்க்கில் ஒரு தையல் கடையில் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்தார்.

"வாயால சொல்லி என்ன? எழுதிக் கொடுங்க."

மறுநாள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"புரோகிராம்ல பக் இருந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. பக்னா பூச்சிதானே? பூச்சியா வந்து கார்டைக் கிழிச்சுச்சு?"

எங்கள் தொழிலில் நிரல் பிழையை அப்படித்தான் எழுதுவோம். எவனும் எதையும் செய்திருக்க மாட்டான், எங்கிருந்தோ பறந்து வந்து உட்கார்ந்திருக்கும். வெட்டுத்துணிகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே கையால் திரும்ப எழுதினேன். தவறு நான் செய்தது, கிழித்ததும் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஒரு பிரதியை மேலாளரிடமும் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "ஏன்யா பழசைக் கிளறுறே? அப்பவே எனக்குத் தெரியும் லா" என்று சிரித்தார். இப்போது அட்டையே கிடையாது, அந்த அம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுத்து என்ன செய்வது என்றார். என்னை விலக்கவில்லை. நானும் விலகவில்லை.

அக்காவிடம் போய் இதைச் சொன்னபோது, "நான் வேலையா கேட்டேன்?" என்றார். கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, தன்னோடு அட்டை துளைத்த பெண்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அத்தனை வருடங்களும் அவர்கள் மத்தியில், குழந்தை மருந்தை எரிக்கவைத்தவள் என்ற பெயரோடு அவர் இருந்திருக்கிறார்.

சில வாரங்கள் கழித்து, கேலாங்கில் பேருந்து நிறுத்தத்தில், காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தார். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்.

"அந்த லெட்டர் எழுதினது நீங்கதானே?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "நான்தான்" என்றேன்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார். பேருந்து வரும்வரை இருவரும் அப்படியே நின்றோம்.