சாயப் பன்புல்

காலையில் மகள், சாயம் போட்ட பன்புல் கட்டொன்றை என் மடியில் வைத்தாள். "பாய் இழைச்சா மறதி வராதாம், உம்மா."

அந்தச் சாய வாடை வெள்ளைக்காரன் காலத்து ஏறாவூர் வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது. வாப்பாவுக்கு மூத்த ராத்தா, எங்கள் மாமி, எல்லாம் மறந்தும் பாய் இழைக்க மறக்கவில்லை. ஊரில் அவ பாய்க்குத்தான் கிராக்கி. என் உம்மாவுக்கு அது போதும். மாமி முடித்த பாயைச் சுருட்டி ஒளித்துவிட்டு வந்து அவவிடமே சொல்வா:

"மச்சி, நீங்க இன்னும் இழைக்கத் தொடங்கல்லியே. இழைச்சாத்தான் சோறு."

மாமி சாயத்தில் சிவந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பா.

"ஓம் புள்ள, மறந்திட்டன்."

பசியோடு அடுத்த பாய்க்குக் குந்துவா.

பின்னேரம் மகளிடம் சோறு கேட்டேன்.

"நீங்க இன்னும் இழைக்கத் தொடங்கல்லியே, உம்மா."

மடியில் பன்புல் கட்டு இல்லை. என் விரல்கள் சிவந்திருந்தன.